என் முழங்காலை இரண்டாவது தடவை திறந்தபோது

சப் கலெக்டர் காலில் நான் விழுந்தது எந்தக் கோரிக்கையை முன்னிட்டும் அல்ல. இதை இன்றைக்கும் நம்பாதவர்கள் தூத்துக்குடியில் உண்டு. என் கணவரின் அக்கா அவர்களில் முதல் ஆள். அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், கன்னியர் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிரில் டீச்சராக இருந்தேன். வெள்ளைச் சேலை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். நான் வருகிற சத்தம் கேட்டாலே வராந்தாவில் நிற்கும் பிள்ளைகள் தாமாக வரிசையில் நின்றுகொள்வார்கள் என்று எனக்கு ஒரு பெருமை. கணவர் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்த்தோணி ஒன்றில் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர். மே மாதம் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழுந்ததும் தோணியைக் கட்டிப் போட்டுவிட்டு ஆகஸ்டு முடியும்வரை வீட்டில் இருப்பார். இருப்பார் என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. வீட்டையும் ஒரு தோணியாக நினைத்து நடத்துவார். குசினியில் மிளகாய் டப்பா எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுவரை உத்தரவு வரும். செப்டம்பரில் அவர் கடலுக்குப் போனதும் டப்பாவைப் பழைய இடத்தில் வைத்துக்கொள்வேன்.

அப்படி அவர் புறப்பட்டுப் போன வாரத்தில்தான் என் வலது முழங்கால் போயிற்று. பிள்ளைகளுக்கு உயரம் தாண்டுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து, மூங்கிலை அழகாகத் தாண்டினேன். அதுவரை எல்லாம் சரி. கீழே மணல் பள்ளத்தில்தான் கோளாறு. மாதாமாதம் கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டுவோம். காற்று அதை வாரிக்கொண்டு வந்த வழியே போய்விடும். என் கால் மணலில் விழாமல் பள்ளத்தின் விளிம்பில் விழுந்து திரும்பிக்கொண்டது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கே கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் விழுவதும் தாண்டுவதில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வீக்கம் வடிந்த பிறகு மதினி என்னைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மதினி என்றால் கணவரின் அக்கா. பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவு சாத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அங்கே இருந்த எலும்பு டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், வயலும் வாழையுமாக உள்ள குடும்பம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு. உள்ள எலும்பைப் பிடிச்சிருக்க நார், லிகமெண்ட், அறுந்திருக்கும். அது எக்ஸ்ரேல தெரியாது" என்றார்.

"தெரியாததை அறுந்திருக்குன்னு எப்படிச் சொல்லுதிய?" என்று மதினி கேட்டாள்.

அவர் என் காலை மடக்கச் சொல்லி, என் பாதத்தின் மேல் லேசாக உட்கார்ந்துகொண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தார். மேசையின் இழுப்பறைபோலக் கால் முன்னே வந்தது. மதினி சிலுவை போட்டுக்கொண்டாள். கால் வந்ததற்காகவா, வேற்று ஆண்பிள்ளை என் பாதத்தில் உட்கார்ந்ததற்காகவா என்று நான் கேட்கவில்லை.

தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டையிலிருந்து ஒரு கீற்று எடுத்து முழங்காலுக்குள் செலுத்தி, அறுந்ததற்குப் பதிலாக வைத்துத் தைத்தார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. கணவர் கொழும்புச் சோப்பும் தேயிலையுமாக ஊர் திரும்பியபோது நான் அந்தக் கட்டோடு கட்டிலில் கிடந்தேன். சேதியைக் கரை ஏறியதுமே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓடிவந்தவர் முகமெல்லாம் வெளுத்திருந்தது. மாவுக்கட்டை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஆள் இருக்கா?" என்றார்.

"இருக்கு. மிளகாய் டப்பாவை மட்டும் மாத்தாதீங்க" என்றேன்.

கட்டுப் பிரித்து, நடை பழகி, ஜனவரியில் பள்ளிக்கூடம் போனேன். கால் இரண்டொரு தடவை நழுவுவதுபோல் இருந்தது. பழகாத கால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பிப்ரவரியில் விளையாட்டு விழா. சப் கலெக்டர் சிறப்பு விருந்தினர். அணிவகுப்பு முடிந்ததும் நான் விருந்தினர் நாற்காலிகளுக்கு முன்னால் நடந்துபோய், வலப்பக்கம் திரும்பி நின்று சல்யூட் அடிக்க வேண்டும். நடந்தேன். திரும்பினேன். முழங்கால் திரும்பவில்லை. மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமுமாகப் போக, நேரே அவர் காலடியில் போய் விழுந்தேன். பதறிப்போன அந்த மனிதர், "எழுந்திருங்கம்மா, எதுவா இருந்தாலும் மனுவாக் கொடுங்க" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது தண்ணீருக்குப் பெரும் பாடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை, அவரை நாங்கள் மதர் என்போம், ஒரு விநாடியும் வீணாக்காமல் தண்ணீர்க் குழாய் விஷயத்தை எடுத்துச் சொன்னார். வலியில் நான் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது அந்தப் பேச்சுக்கு நல்ல துணையாக அமைந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு முன்பே குழாய் வந்தது. டீச்சர் காலில் விழுந்து வாங்கிய தண்ணீர் என்று ஊரெல்லாம் பேச்சு. மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண், "எங்க தெருவுக்கும் ஒரு தடவை விழக்கூடாதா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி அதே டாக்டரிடம் போனோம். மறுபடி பாதத்தில் உட்கார்ந்து இழுத்தார். முன்பு வந்த அளவுக்கே வந்தது. அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் வச்ச நார் நிக்கலை டீச்சர். நீண்டு போச்சு. இப்ப அது இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"நான் செய்யக் கூடாதது எதையும் செய்திட்டேனா?" என்று கேட்டேன்.

"இல்ல. சொன்னதெல்லாம் செஞ்சிருக்கீங்க. சிலருக்கு இப்படி ஆகும். திரும்பத் திறந்து வேற நார் வைக்கலாம். ஆனா ரெண்டாவது தடவை கஷ்டமான வேலை. மதுரையில எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர் இருக்கார். அவர் செஞ்சா நல்லது. நீங்க சரின்னா நானும் லீவு போட்டுட்டு கூட வாரேன். உள்ள என்ன ஆச்சுன்னு நான் பார்க்கணும்."

இவ்வளவு நேராக ஒரு டாக்டர் பேசி நான் கேட்டதில்லை. கோபப்படலாம் என்று தயாராகப் போயிருந்த மதினிக்குத்தான் ஏமாற்றம். வெளியே வந்ததும், "ஒரு தடவை வெட்டிப் பாத்தாச்சுல்லா. அது என்ன கருவாட்டுப் பானையா, திறந்து திறந்து பாக்க?" என்றாள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுத்தால் குடைக்கம்பியை விட்டுச் சொறிந்த நாட்கள் ஞாபகம் வந்தன. மதர் என்னைத் தையல் வகுப்புக்கு மாற்றினார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. எனக்குத் தையலில் தெரிந்தது பித்தான் வைப்பது. பிள்ளைகள் கைக்குட்டை ஓரம் தைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதுகை நிமிர்த்தித் தை" என்பேன். வேறு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாடிப்படியில் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்குவேன். சாலையில் ஒரு சின்னக் கல்லைப் பார்த்தாலும் நின்று யோசிப்பேன்.

தையல் வகுப்பு மாடியில் இருந்தது. கீழே மைதானத்தில் எனக்குப் பதிலாகத் தமிழம்மா டிரில் எடுத்தார். நல்ல மனுஷி. ஆனால் அவர் விசில் ஊதுவது கேட்கச் சகிக்காது. தயங்கித் தயங்கி, மன்னிப்புக் கேட்பதுபோல ஊதுவார். ஒருநாள் சன்னலோரம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஓட வேண்டிய இடத்தில் பேசிக்கொண்டு நடந்தார்கள். தமிழம்மாவும் அவர்களோடு பேசிக்கொண்டு நடந்தார். என் கையிலிருந்த கைக்குட்டையில் ஊசி இருந்ததை மறந்து இறுக்கிப் பிடித்துவிட்டேன். மே மாதம் கணவர் கரைக்கு வந்ததும், மதுரைக்குப் போகலாம் என்று சொன்னேன்.

முதல் ஆபரேஷனின்போது ஊரில் இல்லாமல் போனது அவருக்குப் பெரிய குறை. இந்தத் தடவை முழுப் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை இடையில் இருந்த சாமானையெல்லாம் நகர்த்தி, சுவரில் பிடித்து நடக்கக் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றில் மோதி முதலில் விழுந்தவள் மதினி.

ஜூனில் மதுரைக்கு ரயில் ஏறினோம். டாக்டர் மணியாச்சியில் எங்களோடு சேர்ந்துகொண்டார். மணியாச்சி தாண்டியதும் கணவர் தொடங்கினார். ஒரு வாரமாக இதற்காகவே அவர் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

"டாக்டரய்யா, அந்த நாரை என்ன முடிச்சுப் போட்டுக் கட்டினிய?"

"முடிச்சு இல்ல அண்ணாச்சி. தையல்."

"அங்கனதான் பிசகு. இழுபடுற இடத்துல தையல் நிக்காது. நாங்க பாய்க்கயிறு கட்டுறதுக்கு ஒரு முடிச்சு இருக்கு. காத்து இழுக்க இழுக்க இறுகும்." பையிலிருந்து ஒரு துண்டுக் கயிறு எடுத்துச் சன்னல் கம்பியில் கட்டியும் காட்டினார். கயிறு கொண்டுவந்ததை எனக்குச் சொல்லவே இல்லை.

டாக்டர் அதை இழுத்துப் பார்த்து, நல்ல முடிச்சு என்று ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார். "கயிறு செத்த பொருள் அண்ணாச்சி. இது உயிருள்ள நார். இடம் மாத்தி வச்சதும் முதல்ல செத்த மாதிரி ஆயிரும். அப்புறம் மெல்ல ரத்தம் ஓடி உயிர் பிடிக்கணும். அதுவரைக்கும் அதுக்குப் பலம் கிடையாது. டீச்சருக்கு அந்த நேரத்துல நீண்டுருக்கு."

கணவர் கோவில்பட்டி வரை யோசித்தார். "அப்ப நைலான் கயிறு வச்சா என்ன?"

"உங்க தோணியில கயிறு தேஞ்சா என்ன செய்வீங்க?"

"மாத்துவோம்."

"எத்தனை தடவை?"

அவர் என் முழங்காலைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்கியதும் முதல் துண்டை டாக்டருக்குக் கொடுத்ததால் சமாதானம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மதுரையில் பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். இம்முறை முட்டிச் சில்லுக்குக் கீழே ஓடும் நாரில் நடுப்பாகத்தை, ஒரு சின்ன எலும்புத் துண்டோடு சேர்த்து எடுத்து வைக்கப்போவதாகச் சொன்னார். எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டால் பிடிப்பு நன்றாக இருக்குமாம். முதுகுத் தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று எதுவும் இல்லாமல் போயிற்று. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அந்தப் பக்கம் நடந்தது ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாம் கேட்டது. தச்சுப் பட்டறையில் படுத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டரின் குரல் வந்தது. "இங்க வந்து பாரும். நீர் தைச்ச இடம் அப்படியே இருக்கு. ஒரு தையல் விடலை. நார்தான் நீண்டு நூலாப் போயிருக்கு. இது உம்ம கையில இல்லை."

எங்கள் டாக்டர் கையிலிருந்த எதையோ தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. துணிக்கு இந்தப் பக்கம் கிடந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

"டாக்டர், நான் முழிச்சிட்டுதான் இருக்கேன். எனக்கும் கேட்டுச்சு. நல்லதாப் போச்சு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பச்சைத் துணிக்கு மேலே எங்கள் டாக்டரின் கண்கள் மட்டும் ஒரு கணம் எட்டிப் பார்த்தன. முகமூடிக்கு மேலே தெரிந்த அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. "பேசாம படுங்க டீச்சர்" என்றார். நான் பிள்ளைகளிடம் பேசுகிற அதே தொனி.

தையல் பிரிக்கிற அன்று கணவர் பக்கத்திலேயே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். நர்ஸ் வேண்டாம் என்றாள். "நான் கடல்ல பாக்காத காயமா?" என்றார். மாவுக்கட்டைத் திறந்து முதல் தையலைக் கத்தரித்ததுதான் தாமதம், பக்கத்தில் மரம் சாய்வதுபோல் ஒரு சத்தம். எதிர்க் கட்டிலில் அவரைத் தூக்கிப் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எனக்கு வந்த காபியை அவருக்குக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து, வார்டில் புழுக்கம் அதிகம் என்று மதினியிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"கொழும்பு வரைக்கும் போற ஆளு, ஒரு நூலுக்கு விழுந்திட்டான்" என்று அன்று சாயங்காலமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல். குடும்பத்தில் விழுந்தவள் நான் மட்டும் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான வேலை. என் வலது தொடை இடதில் பாதிதான் இருந்தது. பாதத்தில் கனம் கட்டி, காலை நீட்டி நீட்டித் தூக்க வேண்டும். மணல் பை கட்டச் சொல்லியிருந்தார்கள். கணவர், உப்பளத்து ஊரில் மணல் எதற்கு என்று துணிப்பையில் கல் உப்பைக் கட்டித் தைத்துக் கொடுத்துவிட்டு, செப்டம்பரில் தோணி ஏறினார். காலையும் மாலையும் அதைத் தூக்கினேன். அக்டோபர் கடைசியில் என்னால் தூக்க முடியவில்லை. நேற்று தூக்கிய பையை இன்று தூக்க முடியவில்லை என்றதும், நாருக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டதென்று உட்கார்ந்து அழுதேன். மதினி பையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிழிந்தாள். தரையில் சொட்டிற்று.

"ஏளா, மழை பெய்யுதுல்லா. உப்பு தண்ணி குடிச்சிருக்கு. உன் கால் நல்லாத்தான் இருக்கு."

அழுதது அழுததாக இருக்க, இரண்டு பேரும் சிரித்தோம். அவளே பையைப் பிரித்து அரிசியைப் போட்டுத் தைத்தாள். இரண்டாவது ஆபரேஷனே வேண்டாம் என்று சொன்னவள், அன்றிலிருந்து சாயங்காலமானால் நடுக்கதவு வழியாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "தூக்கு, இன்னும் தூக்கு, முதுகை வளைக்காத" என்று எனக்கு டிரில் எடுத்தாள். தமிழம்மாவை விட எவ்வளவோ மேல். ஆட்டுக்கால் சூப்பும் அவள்தான் வைத்துத் தந்தாள். டிசம்பரில் வாசனை பிடிக்காமல் நான் முகம் சுளித்தபோது, "குடிக்கலைன்னா உன் மாப்பிள்ளைக்கு எழுதிப் போட்டிருவேன்" என்றாள். அவள் கையெழுத்துப் போடுவதற்கே எழுத்தைத் தேடுகிறவள்.

கோயிலில்தான் சங்கடம். முழங்கால் முழுதாக மடங்கவில்லை. இன்றும் மடங்காது. எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் நிற்பேன். சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர், "நீ ஏற்கெனவே சப் கலெக்டருக்கு முழந்தாளிட்டாச்சு, ஆண்டவர் கணக்குல வச்சுக்கிடுவார்" என்றார். அதற்கு மேல் யாரிடம் முறையிடுவது?

மறு வருஷம் மதர் விசிலைத் திருப்பிக் கொடுத்தார். தமிழம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார், நான் அவருக்குச் சொல்ல வேண்டியதை. இனி உயரம் தாண்டுவதையும் திடீரென்று திரும்புவதையும் செய்து காட்டுவதில்லை, வாயால் சொல்வதோடு சரி என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஓடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். நான் ஓடவில்லை. மைதானத்தில் யாரும் இல்லாத வேளையில் ஓடிப் பார்க்க நினைத்து, கோட்டருகே போய் நின்று, திரும்பி வந்திருக்கிறேன். கால் பிடிக்கும் என்று கால் சொன்னது. மனசு கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பழைய துறைமுகத்துப் பக்கம் போயிருந்தேன். கணவரின் தோணி சாயங்காலம் வருகிறது என்று தகவல். வீட்டில் மீன் வாங்கி வைக்கவில்லை, சீக்கிரம் திரும்ப வேண்டும். டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் பக்கத்தில் வருவதற்குள் நகரத் தொடங்கிவிட்டது. கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். சேலை தடுக்க, செருப்பு அடிக்க, நல்ல ஓட்டம். கம்பியைப் பிடித்து ஏறி, காலி இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. குனிந்து என் காலைப் பார்த்தேன். வலியில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். "ஏன் டீச்சர், பின்னாலேயே அடுத்த வண்டி வருதுல்லா? இப்படி ஓடி வந்து கால்ல எதுவும் ஆச்சுன்னா யாரு பாக்கது?"

"ஒண்ணும் ஆகலை அண்ணாச்சி" என்றேன்.

இறங்க வேண்டிய இடம் வந்ததும் எழுந்தேன். பின்படியில் நெரிசல், முன்படி வழியாக இறங்கினேன். நண்டுபோல அல்ல, நேராக. பிறகு மீன்காரி எழுந்து போவதற்கு முன் அவளைப் பிடிக்கக் கொஞ்சம் வேகமாகவே நடந்தேன்.